மதுரை – சென்னை: விமானத்தில் ஒரு மணி நேரம்தானா?

கொள்முதலுக்காகச் சென்னை போகும் நம் வணிகச் சகோதரர்கள் பலர் இப்போது விமானத்தில் ஏறத் தொடங்கிவிட்டார்கள். "ஒரு மணி நேரம்தான் அண்ணாச்சி" என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நம்பி ஒரு லாரி துவரம்பருப்பைக் கைநழுவ விட்டவன் நான்.

மதுரை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். ரயில் திருச்சி, விழுப்புரம் வழியாகப் போவதால் 490 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணியில் போய்விட வேண்டாமா என்று கேட்கலாம். அந்த வேகம் உயரே போன பிறகுதான். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே நேரம் சரியாகிவிடும். டிக்கெட்டில் போடும் நேரமும், விமானம் இங்கே நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரைக்குமான கணக்கு. ஆகவேதான் 1 மணி 10 நிமிடம், 1 மணி 20 நிமிடம் என்று போடுகிறார்கள்.

இனி நம் கணக்கு. கீழமாசி வீதியிலிருந்து விமான நிலையம் அரை மணி. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆகவே அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். சென்னையில் இறங்கி வெளியே வரக் கால் மணி. 2019 முதல் மெட்ரோ ரயில் மண்ணடி வரை நேராகப் போகிறது, அது நமக்குப் பெரிய வசதி. இருந்தாலும் முக்கால் மணி ஆகும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு, நாலரை மணி.

அன்று ஒழுங்காக நடக்கவில்லை. காலை 7 மணி விமானம் 9 மணிக்கு மேல்தான் கிளம்பியது. காரணமும் சொல்லவில்லை. 10 மணிக்குச் சரக்கைப் பார்க்க வருவதாகத் தரகரிடம் சொல்லியிருந்தேன். மண்ணடி படி ஏறும்போது 12 மணி. முதல்நாள் இரவு பாண்டியனில் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் இறங்கி, குளித்து, டிபன் முடித்து 9 மணிக்கே போய்விட்ட நம் வீதிக்காரர் ஒருவர் லாட் முழுவதையும் முடித்துவிட்டார். அதே பருப்பை மறு வாரம் அவரிடமே கூடுதல் விலைக்கு வாங்கினேன்!

இன்னொன்று. கொப்பரை மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு விமானத்துக்குப் போகாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். நாம் மூட்டை மூட்டையாகக் குடோனில் அடுக்கி வைத்திருக்கிறோம்!

இப்போதெல்லாம் போகும்போது இரவு ரயில்தான். வேலை முடிந்து திரும்பும்போது மட்டும் மாலை விமானம். அது தாமதமானாலும் தரகர் யாரும் காத்திருக்கப் போவதில்லை. நேரத்துக்கு வந்தால் கடை சாத்துமுன் கல்லாவைப் பார்த்துவிடலாம்.