டியூ ஒருவருக்கு, மளிகை ஒருவருக்கு

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பலவற்றில் ஒரு வாய்மொழி ஏற்பாடு உண்டு. "வீட்டு லோன் டியூவ நான் கட்டிக்கிறேன், மத்த செலவெல்லாம் நீ பாத்துக்க." டியூ மாதம் முப்பதாயிரம். மளிகை, பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் என்று கூட்டினால் அதுவும் முப்பதாயிரத்தைத் தொடும். சரிபாதி என்றுதான் தோன்றும். பதினைந்து வருடம் கழித்து லோன் முடிந்து வங்கியிலிருந்து பத்திரம் திரும்பி வரும்போது அதில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி போட்ட பணம் சாப்பாடாகவும் கரண்ட்டாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் கரைந்திருக்கும். ரசீதுகூட மிஞ்சியிருக்காது.

பணத்தை ஒன்றாகப் போட்டு வைப்பதா, அவரவர் தனியாக வைத்துக்கொள்வதா என்பதில்தான் தம்பதிகள் மல்லுக்கு நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் எதுவானாலும் ஓடும். யாருடைய பணம் சொத்தாகிறது, யாருடைய பணம் செலவாகிப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆனதாலேயே ஒருவர் வாங்கும் சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடாது. கோவாவில் நிலைமை வேறு. அங்கே 1867-ஆம் ஆண்டு போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் வழி வந்த முறைப்படி, தம்பதி வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. தமிழ்நாட்டில் பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் பேசும்.

கணவர் சௌதி அரேபியாவில் சம்பாதிக்க, ஊரில் குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவியின் வழக்கு ஒன்றில், வீட்டு உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் தீர்ப்பளித்தார். அருமையான தீர்ப்பு. ஆனால் அதைக் கேட்க அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. லோன் தொகை கூடக் கிடைக்கட்டும் என்று மனைவியின் சம்பளத்தையும் காட்டி, அவரைக் கோ-அப்ளிகண்டாகச் சேர்ப்பார்கள். வங்கிக் காகிதங்களில் பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து இருக்கும், கிரயப் பத்திரத்தில் பெயர் இருக்காது. அதாவது, கடனில் பங்கு உண்டு, வீட்டில் இல்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. மாமியாருக்கும் பங்கு உண்டு என்பது பல பேருக்கு அப்போதுதான் தெரியவரும். ஆகவே லோன் இருவர் பெயரில் என்றால் பத்திரமும் இருவர் பெயரில் இருக்கட்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு, இணை உரிமையாளராகவும் இணைக் கடனாளியாகவும் இருந்து கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2 லட்சம் வரை தனித்தனியே கழித்துக்கொள்ளலாம்.

இனி மாதச் செலவு. ஒருவர் அறுபதாயிரம், மற்றவர் நாற்பதாயிரம் வாங்குகிறார்கள், வீட்டுக்கு ஐம்பதாயிரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பாதி என்றால் ஒருவர் கையில் முப்பத்தைந்து மிஞ்சும், மற்றவருக்குப் பதினைந்துதான். சம்பள விகிதப்படி முப்பது, இருபது என்று ஒரு பொதுக் கணக்கில் போட்டால் மிச்சமும் முப்பது, இருபது. இந்தக் கணக்கில்தான் முணுமுணுப்பு குறைவாக இருக்கும். டியூவையும் இந்தப் பொதுக் கணக்கிலிருந்தே கட்டினால் வீடும் மளிகையும் இருவர் பணத்திலும் நடக்கும். யார் எதைக் கட்டினார்கள் என்ற பேச்சே எழாது. மிச்சம் அவரவருடையது. அதில் அவர் லென்ஸ் வாங்கினாலும் இவர் தங்கைக்குப் புடவை எடுத்தாலும் கேள்வி இல்லை.

மாத பட்ஜெட் போடுகிறவர்கள் சறுக்குவது மாதாமாதம் வராத பில்களில். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, வண்டி இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், ஐப்பசியில் தீபாவளி. அதிலும் கோடையில் ஏ.சி. ஓடி, இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். "யார் ஏ.சி.ய ஆஃப் பண்ணாம தூங்கினது?" என்ற விசாரணை அந்த பில் வந்த அன்றுதான் தொடங்கும். இவை எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையையும் மாதாமாதம் பொதுக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கும்போது 'எய்தர் ஆர் சர்வைவர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் தொடரலாம். 'ஜாயின்ட்லி' என்று டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் மற்றவர் பாடு திண்டாட்டம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை குறிப்பிடலாம். ஆனால் நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர்தான், பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உயிலின் வேலையை நாமினேஷன் செய்யாது.

மனைவி சம்பளத்துக்குப் போகாத வீட்டில் கணவர் அவர் பெயரில் எஃப்.டி. போடுவது நல்ல பழக்கம். கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதில் வரும் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். வரி மிச்சமாகும் என்று நினைத்துப் போட வேண்டாம். அவசரத்துக்கு மனைவி யாரிடமும் கை நீட்டாமல் இருக்க உதவும், அதற்காகப் போடலாம்.

ஏற்கெனவே ஒருவர் பெயரில் மட்டும் வீடு இருந்தால், செட்டில்மெண்ட் பத்திரம் எழுதித் துணையின் பெயரில் ஒரு பங்கை மாற்றலாம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலைத் திருத்தப்படி அது முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய். லோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.