பழைய ஜீப்பை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி?

(பண்ணை வானொலி உரை)



மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஜீப் எதற்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுமலை, தாண்டிக்குடி, குரங்கணி, போடிமெட்டு பக்கமெல்லாம் லாரி திரும்ப முடியாத இடத்தில் ஜீப் திரும்பும். வாழைத்தார், மிளகு மூட்டை, காப்பிக்கொட்டை எல்லாம் அதில்தான் கீழே இறங்கும். ராத்திரியில் ஒரு பொம்பளைக்குப் பிரசவ வலி வந்தாலும் அதே வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அதனால்தான் இருபது, முப்பது வருஷம் ஆன ஜீப்பைக்கூட நம்ம ஆளுங்க விற்க மனசு வராமல் வைத்திருக்கிறார்கள்.

பழைய ஜீப்பில் ஒரு சௌகரியம் உண்டு. 1947-இல் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து அமைப்பு ரொம்ப எளிமை. கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் ஆட்டி, காதால் கேட்டே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். எது வீட்டில் செய்யலாம், எது பட்டறைக்குப் போக வேண்டும், எதைச் செய்யவே கூடாது, இந்த மூன்றையும் இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன்

சில வருஷத்துக்கு முன்னால் என் ஜீப்பில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. கடை பத்து மைல் தூரம். "ஆயில்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று வீட்டில் கிடந்த என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டேன். இரண்டு நாள் பிரேக் பிடித்தபடியே இருந்தது. சக்கரத்தைத் தொட்டால் சுட்டது. வேலை அவசரத்தில் அதைச் சட்டை பண்ணவில்லை. மூன்றாம் நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். அது தரையோடு போய்விட்டது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வேளை, இரண்டாவது கியரில் இருந்தேன். கை பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கமாக மண் சுவரில் உரசி வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் முழுக்க நசுங்கியது. ஆள் சேதம் இல்லை. வலது பக்கம் பள்ளம்.

ஏன் அப்படி ஆயிற்று? மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் ரப்பர் கப் இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கென்றே செய்த ரப்பர் அது. என்ஜின் ஆயிலோ, டீசலோ, மண்ணெண்ணெயோ பட்டால் ஊறி உப்பிவிடும். முதலில் பிரேக் விடாமல் பிடிக்கும். அப்புறம் ரப்பர் கெட்டு ஆயில் கசியும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை. ஒரு இடத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

ஆகவே பிரேக் ஆயில் டப்பா ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். திறந்து வைத்த டப்பா வேண்டாம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறின ஆயில் மலை இறக்கத்தில் சூடாகும்போது கொதித்து ஆவியாகும். அப்பவும் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

ஜாக்கி போடும்போது கவனம்

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீப் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் புரொப்பல்லர் ஷாப்டைப் பிடிக்கும் டிரம்மில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். கை பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி நகரும். பின் புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றிவிட்டால் கை பிரேக்கே இல்லாத மாதிரிதான்.

அதனால் சமதளத்தில் நிறுத்துங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். தூக்கினதும் சேஸிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டை வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

பிரேக் வேலை

டிரம்மைக் கழற்றினதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு சக்கரத்தில் போயிருந்தால் அதே வயசுள்ள மற்றதும் சீக்கிரம் போகும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது லாபம். லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் அதைத் துடைத்துப் போடக்கூடாது. ஒரு பக்கம் பிடித்து வண்டி இழுக்கும். புது லைனிங்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக.

வேலை முடிந்ததும் காற்று எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நம் வலது கை ஓட்டு வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. காற்று எடுக்கும் திருகில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள்.

"மிதி" என்றால் மிதிக்க வேண்டும். திருகைத் திறந்ததும் குமிழி வரும். திருகை மூடின பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன்னால் பெடலை விட்டால் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். குமிழி நிற்கும் வரை செய்யுங்கள். நடுவில் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

பெடலை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் சும்மா போக வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஆயில் திரும்பிப் போகும் துளை அடைபட்டு, பிரேக் பிடித்தபடியே கிடக்கும். கடைசியில் வீட்டு முற்றத்திலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் மலைக்கு எடுத்துப் போகாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஸ்டீயரிங் ஆடினால்

"வண்டி நாற்பது மைல் வேகம் போனா முன்சக்கரம் கதகதன்னு ஆடுதுங்க" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின் பேரிங்கில் தேய்மானம். இடதும் வலதுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் டை ராட் முனையைப் பாருங்கள். பேரிங்கைக் கழுவி, கிரீஸ் போட்டு இறுக்குவது வீட்டில் செய்கிற வேலை. கிங் பின் வேலை பட்டறைக்கு உரியது.

நாலு சக்கர ஓட்டம்

இரண்டு சிறிய லீவர்கள் உண்டு. ஒன்று முன்சக்கரத்தைச் சேர்க்கும். இன்னொன்று சக்தியைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும். முன்சக்கரத்தைச் சேர்த்த பிறகுதான் இரண்டாவதைப் போட வேண்டும், அதுவும் வண்டியை நிறுத்திவிட்டு.

தார் ரோட்டில் நாலு சக்கர ஓட்டம் போடாதீர்கள். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்றுகிறது. சேற்றில் என்றால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் சரியாகிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஷாப்டும் பல்சக்கரமும் முறுக்கிக்கொள்ளும். லீவர் திரும்பி வராது. அப்படிச் சிக்கினால் சுத்தியல் எடுக்காதீர்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும்.

இதே காரணத்தால் நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த மொட்டை டயர் என்றால் நேர் பாதையிலேயே முறுக்கல் உண்டாகும்.

புறப்படும்போது அடியில் "டக்" என்று சத்தம் வந்தால் புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸைப் பாருங்கள். ஷாப்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். சேற்றிலும் ஓடைத் தண்ணியிலும் இறங்கி வந்த பிறகு எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸும் தண்ணியும் வெளியே வந்து புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

துருவும் வெல்டிங்கும்

யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றின அன்றே வண்டியைக் கழுவுங்கள். உர உப்பு இரும்பைத் தின்னும். ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் இரும்பு நன்றாக இருக்கிறது. "பொத்" என்றால் உள்ளே துரு.

பல பழைய ஜீப்களில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் வைக்கும் முன் பாட்டரி வயரைக் கழற்றுங்கள், டாங்கியை இறக்கித் தூரமாக வையுங்கள். காலி டாங்கிதானே என்று நினைக்காதீர்கள். அதில் ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த டாங்கியைவிட அதுதான் வெடிக்கும்.

மாற்றம் செய்ய ஆசை இருந்தால்

பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியை உயர்த்துகிறார்கள், பெரிய டயர் மாட்டுகிறார்கள். பழைய சின்ன ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் 80 அங்குலம்தான். குட்டை வண்டியை உயரமாக்கினால் சரிவில் கவிழும். ஷாப்டின் சாய்வு அதிகமாகி கிராஸும் சீக்கிரம் தேயும். பெரிய டயர் போட்டால் அதே பிரேக் அதிக வேலை செய்ய வேண்டும். பாரம் தாங்க வேண்டுமென்றால் உடைந்த பட்டையை மாற்றுங்கள், புஷ் மாற்றுங்கள், யூ போல்ட்டை இறுக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

நல்ல மாற்றங்களும் இருக்கின்றன. என்ஜினிலிருந்து சேஸிஸுக்குக் கூடுதலாக ஒரு எர்த் வயர் போட்டால் விளக்கும் ஸ்டார்ட்டரும் சரியாக வேலை செய்யும். ஒவ்வொரு லைனுக்கும் பியூஸ் வையுங்கள், வயர் தீப்பிடிக்காது. பின்னால் சிவப்பு ஒளிர்ப்பட்டை ஒட்டுங்கள். முன் சீட்டுக்கு பெல்ட் போடுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைப்பது நம்ம பக்கம் பழக்கமாக இருந்தது. இதைச் சும்மா செய்துவிட முடியாது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்தால், பதிவைப் புதுப்பிக்கும்போதும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல்.

கடைசியாக ஒரு வார்த்தை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் கியரில் மலை ஏறுகிறோமோ அதே கியரில் இறங்குவது நல்லது. அன்றைக்கு நான் நியூட்ரலில் இருந்திருந்தால் இன்றைக்கு உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாளைக்குக் காலையில் வண்டியை எடுக்கும் முன், மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஈரக் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. வண்டியில் ஏறுகிற கூலிக்காரரும், நம்ம பிள்ளைகளும் அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் ஏறுகிறார்கள்.