பார்க்காமலே பெயர் சொன்ன செயலி

பாலக்காட்டுச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா காட்டும் தெருவின் மேல் ‘துஞ்சன் குருமடம், 300 மீட்டர்’ என்று ஒரு சீட்டு மிதக்கிறது. தெற்கே திருப்பினால் நெல்லியாம்பதி மலையின் பெயர் வருகிறது. 2009 ஜூனில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளிவந்த ‘லேயார்’ செயலி செய்து காட்டியது இந்த வித்தையைத்தான். தகவல் கையிலிருந்தால் எவரும் அதில் தம் ஊருக்கென ஓர் அடுக்கைச் சேர்க்க முடிந்தது. இதைக் குறிக்கும் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற சொல் ஆய்வுக்கூடத்தை விட்டுச் சட்டைப்பைக்கு வந்தது ஏறக்குறைய அப்போதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் சொல்வதில் கேமராவுக்கு வேலையே கிடையாது. நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும், நோக்கும் திசையைப் போனுக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டி சொல்லும், சாய்வை முடுக்கமானி சொல்லும். குருமடம் இருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சர்வரில் இருக்கும். மிச்சமெல்லாம் பள்ளிக்கூடக் கோணக்கணக்கு. குறுக்கே லாரி வந்து நின்றால் சீட்டு லாரியின் மேலேயே மிதக்கும், ஏனென்றால் செயலி லாரியைப் பார்க்கவே இல்லை.

கோளாறும் இங்கேதான். பக்கத்தில் இரும்பு கேட்டோ மின்கம்பியோ இருந்தால் திசைகாட்டி தடுமாறும். 10 பாகை பிசகினால் போதும், 300 மீட்டர் தொலைவில் சீட்டு 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். குருமடத்தின் பெயர் யார் வீட்டு மாடியிலோ போய் உட்காரும். அதைவிட, கையை நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? வரைபடமே சௌகரியம்.

2012-இல் லேயார் அச்சுப் பக்கங்களுக்குத் தாவியது. பத்திரிகைப் பக்கத்தின் மேல் போனைக் காட்டினால் வீடியோ ஓடும். இப்போது கேமரா நிஜமாகவே பார்த்தது: பக்கத்திலுள்ள தனித்த புள்ளிகளைப் பொறுக்கி, சேமித்த படத்தோடு ஒப்பிட்டது. நுட்பம் உயர்ந்தது, ஆனால் விளம்பரம் பார்க்கச் செயலி ஏற்றுகிற வாசகர் அபூர்வம். 2014-இல் லண்டனின் ‘பிளிப்பார்’ அதை வாங்கியது. பிளிப்பாரை நிறுவியவர்களில் ஒருவர் நம் நாட்டு அம்பரீஷ் மித்ரா. 10 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியும், பங்குதாரர் பிணக்கில் 2018 டிசம்பரில் அந்நிறுவனம் நொடித்தது.

லேயாரின் பழைய கோளாறுக்கு மருந்து 2019-இல் கூகுள் மேப்ஸின் ‘லைவ் வியூ’வில் வந்தது. திசைகாட்டியை மட்டும் நம்பாமல், எதிரேயுள்ள கட்டடங்களை கூகுளின் ‘ஸ்ட்ரீட் வியூ’ தெருப் படங்களோடு ஒப்பிட்டுத் திசையைத் திருத்திக்கொள்கிறது. அதற்கு அந்தத் தெருவை யாராவது முன்பே படமெடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ முறையாகத் தொடங்கியது 2022-இல், அதுவும் சில நகரங்களில் மட்டும்.