பழைய கிண்டிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது

2025 பிப்ரவரி 26ஆம் தேதி அமேசான் தன் தளத்தில் இருந்த ஒரு வசதியை எடுத்துவிட்டது. அதுவரை, காசு கொடுத்து வாங்கிய கிண்டில் மின்னூலைக் கணினியில் இறக்கிவைத்துக்கொண்டு, யுஎஸ்பி கேபிள் வழியே கருவிக்கு மாற்ற முடிந்தது. இப்போது வாங்கிய நூல் வைஃபை வழியாக நேரே கருவிக்குப் போகிறது, அல்லது கைப்பேசிச் செயலியில் திறக்கிறது. பெரும்பாலான நூல்களுக்கு நம் கணினியில் நமக்கென்று ஒரு பிரதி தங்குவதில்லை.

இதில் அதிகம் அடிபட்டவை பழைய கருவிகள். 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலிலும் 2009இல் வந்த இரண்டாவதிலும் வைஃபையே கிடையாது. செல்பேசிக் கோபுரங்களை நம்பித்தான் அவை நூல்களை வாங்கின. அமெரிக்காவில் அந்தப் பழைய வலையமைப்புகளை மூடியபின் அவற்றுக்குக் கேபிள்தான் கதி. 2010இல் வந்த விசைப்பலகை வைத்த கிண்டில் முதல் வைஃபை உண்டு. ஆனால் 2022 ஆகஸ்டில், அந்தத் தலைமுறைக் கருவிகள் சிலவற்றில் கடையைத் திறந்து நூல் வாங்கும் வசதியும் நின்றுபோனது.

அப்படியானால் அலமாரியில் கிடக்கும் கிண்டில் இனிக் குப்பைதானா? இல்லவே இல்லை. நூலை விற்பது ஒரு வேலை, நூலைக் காட்டுவது இன்னொரு வேலை. கடையோடு உள்ள தொடர்பு அறுந்தாலும் காட்டும் வேலையை அந்தக் கருவி முன்போலவே செய்யும். அதன் திரையில் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்னூட்டம் கொடுத்தால் துகள்கள் இடம் மாறி எழுத்து தெரியும். ஒருமுறை தெரிந்த எழுத்தைத் தாங்கிப் பிடிக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் புரட்டும்போது மட்டும் கொஞ்சம் செலவாகும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது. பத்து வருடம் ஆன கருவியிலும் திரை நன்றாகவே இருக்கும். கிழடு தட்டுவது பேட்டரிக்குத்தான்.

ஆக, கருவிக்கு வேண்டியதெல்லாம் அதற்குப் புரியும் வடிவில் ஒரு கோப்பு. கேபிளில் இணைத்தால் பழைய கிண்டில் கணினியில் ஒரு பென்டிரைவைப் போலத் தோன்றும். உள்ளே ‘டாக்குமென்ட்ஸ்’ என்றொரு ஃபோல்டர். அதில் கோப்பைப் போட்டு, முறையாக வெளியேற்றிவிட்டுக் கேபிளைப் பிடுங்கினால் நூல் முகப்பில் வந்து நிற்கும். அமேசான் நீக்கியது வாங்கிய நூலைத் தளத்திலிருந்து இறக்கும் வசதியை மட்டுமே. இந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் பலவும் சார்ஜ் மட்டுமே செய்யும்; தரவு கடத்தும் கம்பி அவற்றுள் இருக்காது.

அடுத்தது கோப்பின் வடிவம். உலகம் முழுக்கப் பொதுவாக வழங்கும் மின்னூல் வடிவம் ஈபப். அதைக் கிண்டிலில் நேரடியாகப் போட்டால் திறக்காது. 2010க்கு முந்தைய கிண்டில்களுக்கு மோபி வடிவம் வேண்டும். அதற்குப் பின் வந்தவை, உரிய மென்பொருள் இருந்தால், ஏஇசட்டபிள்யூ3 என்ற வடிவத்தையும் ஏற்கும். மாற்றித் தருவதற்குக் காலிபர் என்ற இலவசக் கணினி மென்பொருள் இருக்கிறது. சோனி நிறுவனம் 2006இல் வெளியிட்ட பிஆர்எஸ்-500 என்ற வாசிப்பானை லினக்ஸ் கணினியோடு இணைக்க வழியில்லாமல், கோவித் கோயல் என்பவர் தானே எழுதத் தொடங்கியது அது. சோனியின் மின்னூல் கடை 2014இல் வட அமெரிக்காவில் மூடப்பட்டது. காலிபர் இன்றும் புதுப் பதிப்புகளோடு வந்துகொண்டிருக்கிறது. நூலைச் சேர்த்து, ‘கன்வர்ட்’ அழுத்தி, வேண்டிய வடிவத்தைத் தேர்ந்தால் மாற்றிக் கொடுத்துவிடும். கருவி இணைந்திருந்தால் தானே அனுப்பியும் வைக்கும்.

ஆங்கில நூல்களுக்கு இவ்வளவு போதும். தமிழுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது.

யூனிகோடில் ‘மே’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது முதலில் ‘ம’, அடுத்து இரட்டைக் கொம்பு என்ற வரிசையில் வைக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைக்கவேண்டிய பொறுப்பு மென்பொருளுடையது. பழைய கிண்டில் மென்பொருளுக்கு இது தெரியாது. சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும். ‘மேகம்’ என்பது ‘மகேம்’ என்று தெரியும். ‘தேவன்’ ‘தவேன்’ ஆகிவிடுவார். தமிழ் எழுத்துருவே இல்லாத கருவியாக இருந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ் மின்னூல்களை முறையாக விற்கத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய மென்பொருள் உள்ள கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அதற்கு முந்தைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதில் தமிழ் படிக்கவே முடியாது’ என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முடியும். பிடிஎஃப் கோப்பில் எழுத்துகள் எந்த இடத்தில் எப்படி நிற்கவேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. கணினி ஒழுங்காக அடுக்கிக் கொடுத்ததை வாசிப்பான் அப்படியே வரைந்தால் போதும். கொம்பு இடம் மாற வாய்ப்பில்லை. வழக்கமான ஏ4 பிடிஎஃப்பை 6 அங்குலத் திரையில் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் என்பதுதான் தொல்லை. எனவே திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப் வேண்டும். 6 அங்குலத் திரை ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். காலிபரில் பிடிஎஃப்பாக மாற்றும்போது தாளின் அளவை 9க்கு 12 என்று கொடுங்கள். நான்கு பக்க ஓரத்தையும் மிகக் குறைவாக வையுங்கள். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைத் தேர்ந்து, எழுத்தளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, கண்ணுக்குப் பழகிய அளவு கிடைத்ததும் அதையே எல்லா நூல்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது எழுத்தளவை மாற்ற முடியாது, சொல்லுக்கு அகராதி பார்ப்பதும் பெரும்பாலும் நடக்காது. இரண்டும் இழப்புதான். ஆனாலும் பிழையில்லாத தமிழ்ப் பக்கம் கிடைக்கிறதே! (முதல் கிண்டிலுக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்குப் பிடிஎஃப் திறக்கத் தெரியாது.)

இந்த வேலையையும் நமக்காகச் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தன்னார்வக் குழுவின் தளத்தில் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு ‘6 அங்குல பிடிஎஃப்’ என்றும் ஒரு வடிவம் தருகிறார்கள். பெரும்பாலும் எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மனமுவந்து கொடுத்த நூல்கள் அவை. தயங்காமல் இறக்கலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்துச் சேர்த்தது. ஈழத்து நூல்கள், இதழ்கள் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம்.

நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் படமாக வருடிய பக்கங்கள். சின்னத் திரையில் அப்படியே படிப்பது கஷ்டம். கே2பிடிஎஃப்ஆப்ட் என்றொரு இலவச மென்பொருள், வருடிய பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டி, வரிகளைச் சொல் சொல்லாகப் பிரித்துச் சின்னத் திரைக்கு ஏற்ப மடித்து அடுக்கித் தரும். படத்தைத்தான் வெட்டுகிறது என்பதால் எந்த மொழியானாலும் அதற்குக் கவலையில்லை. மங்கலான பழைய அச்சில் சில வரிகள் பிசகலாம்.

சட்டப்படி யாரும் படிக்கத் திறந்திருக்கும் நூல்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுச்சொத்து. புதுமைப்பித்தன் 1948இலும் கல்கி 1954இலும் மறைந்தவர்கள். போதாக்குறைக்குத் தமிழ்நாடு அரசு பலருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் காசில்லாமல், பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டும் இல்லாமல் பழைய கிண்டிலில் ஏற்றிவிடலாம்.

வாங்கிய நூல்களின் கதை வேறு. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009 ஜூலையில், விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நூலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாமே போயின. அங்கும் பணம் திரும்பியது. பணம் வந்துவிடும், சரி. ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள்? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமம் விற்பவர்கள் அதை உரிமம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கிறது. இதுபோன்ற சட்டம் இங்கும் வரவேண்டும் என்பது என் கருத்து.

பூட்டை உடைத்துப் பிரதி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை. அமெரிக்கச் சட்டம் இன்னும் கடுமை. உடைத்த நூலை டெலிகிராம் குழுக்களில் சுற்றுக்கு விடுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. தமிழில் எழுதிப் பிழைப்பவர்களின் வருமானம் ஏற்கெனவே சொற்பம். அதிலும் கைவைக்கக் கூடாது.

நேர்வழி ஒன்று உண்டு. பூட்டில்லாத நூல்களைத் தேடி வாங்குங்கள். 2026 ஜனவரி முதல், பூட்டு வேண்டாம் என்று தேர்ந்த சுயபதிப்பு எழுத்தாளர்களின் நூல்களை ஈபப்பாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்க அமேசானே இடம் தருகிறது. தமிழில் கிண்டிலில் நேரடியாக வெளியிடுபவர்கள் ஏராளம். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் அவர்களில் ஒருவரானால், பூட்டை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பூட்டு வைப்பதா வேண்டாமா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

கருவியைப் பற்றிச் சில சொல்லவேண்டும். ஏற்கெனவே உங்கள் கிண்டிலில் இறங்கியிருக்கும் நூல்களை ‘இடம் வேண்டும்’ என்று நீக்காதீர்கள். அவை அங்கேயே திறக்கும். கருவி மெதுவாகிவிட்டதென்று ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிடவும் வேண்டாம். மிகப் பழைய கருவியை மறுபடி கணக்கோடு இணைக்க முடியாமல் போனால் வாங்கிய நூல்கள் எல்லாம் அந்தக் கருவியில் எட்டாமல் போய்விடும். வைஃபை இணையவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். பழைய கிண்டில்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், புதிய டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தெரியாது. ரவுட்டர் அமைப்பில் 2.4ஐத் தனிப்பெயரில் திறந்து, டபிள்யூபிஏ2 என்று வைத்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தபின், உங்கள் கருவிக்கு அமேசான் இன்னும் இடம் தந்தால், ஈபப் கோப்புகளை அதன் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாகவும் அனுப்பலாம். தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வைத்தால் பேட்டரி கூடுதலாக உழைக்கும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த கருவி உடனே உயிர் பெறாது. சில மணிநேரம் சார்ஜில் விட்டுப் பொறுத்திருந்து பாருங்கள். முதுகுப்புறம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரியை மாற்றியாகவேண்டும்.

கொஞ்சம் கணினிப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கேஓரீடர் என்ற திறமூல வாசிப்பு மென்பொருள் பெரிய வரம். ஈபப்பை மாற்றாமலே திறக்கும். தமிழ் எழுத்துருவை அதன் ஃபோல்டரில் போட்டுவிட்டால் கொம்புகளைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டும், எழுத்தையும் பெரிதாக்கலாம். கோபோ என்ற வேறு நிறுவனத்தின் வாசிப்புக் கருவிகளில் இதை நிறுவுவது எளிது. கிண்டிலில் முதலில் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ‘ஜெயில்பிரேக்’ தேவை. அது முடியுமா என்பது கருவியின் மாதிரியையும் மென்பொருள் பதிப்பையும் பொறுத்தது.

கருவியை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீங்கள் வாங்கிய நூல்கள் அதிலிருந்து போய்விடும். எந்தக் கணக்கிலும் சேராத கிண்டிலும் கேபிளில் வரும் பூட்டில்லாத நூலைத் திறக்கும். பள்ளிப் பிள்ளைக்கோ வீட்டுப் பெரியவருக்கோ தருகிறீர்கள் என்றால், அவர்களுக்குப் பிடித்ததைக் கேட்டு, பெரிய எழுத்தில் 6 அங்குல பிடிஎஃப்பாக ஒரு இருபது நூலை ஏற்றி, தரவு கடத்தும் கேபிள் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.