புதிதாய்ப் பூட்டிய வில் உறுப்புகள் மோட்டார் வண்டியில் அடிக்கடி கழலுவதேன்?

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் முதலிய பக்கங்களில் முன்னாளில் வில் வண்டி நின்ற கொட்டகைகளில் இப்போது மோட்டார் வண்டி நிற்கின்றது. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா ஏஸ் என்னும் சிறு சுமை வண்டி வெளிவந்த பின்னர், சொந்தத்தில் ஒரு வண்டி வைத்துக்கொள்ளுதல் நடுத்தரக் குடியானவருக்கும் கூடுவதாயிற்று. நெல் மூட்டையும், நிலக்கடலையும், சிங்கம்புணரிக் கயிற்றுச் சாலைகளுக்குப் போகும் தேங்காய் மட்டையும் ஏற்றுங்கால் வண்டியின் பின்புறம் தாழ்ந்துபோவதைக் கண்டு, சொந்தக்காரர்கள் கடைவீதியில் கிடைக்கும் அதிகப்படி வில் பட்டை, உயரக் கட்டை, ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை வாங்கிப் பூட்டிக்கொள்கின்றனர். சில வாரங்களுக்குள் அடியில் கடகடவென்று சப்தம் கேட்கின்றது. பட்டறையில் நட்டை முறுக்கிக்கொண்டு வருகின்றனர், மறுபடியும் கழலுகின்றது. இது நம்மிடம் பலரும் கேட்கும் கேள்வி. விதையும் எருவும் விளைச்சலும் இவ்வண்டியின் மேலேயே போக்குவரத்துச் செய்வதால், இதனை விவசாயத்துக்குப் புறம்பான விஷயமென்று தள்ளுவதற்கில்லை.

முதலாவது அறிய வேண்டியது, போல்ட் எவ்வாறு பிடிக்கின்றது என்பது. மாட்டு வண்டியின் கடையாணி, சக்கரம் வெளியே வாராதபடி குறுக்கே நின்று தடுப்பது. அது சற்றுத் தளர்வாயிருப்பினும் தன் வேலையைச் செய்யும். போல்ட் அத்தன்மையதன்று. அதற்குச் சரியான உவமை, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றும் வேலையே. கொல்லர் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின் மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிரச் செய்கின்றார். சுருங்க முயலும் இரும்பு மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுகின்றது. கோடையில் மரம் வற்றிச் சிறுத்தவுடன் அப்பிடி போய்விடும். சக்கரத்தை ஊருணியில் ஊறவைப்பது அதற்காகவே. போல்ட்டும் இப்படியே தான் நீண்டு, திரும்பச் சுருங்க முயலும் இழுப்பினால்தான் பிடிக்கின்றது. பிடிக்கப்பட்ட பொருள் சிறிது ஒடுங்கினாலும், நட்டு ஓர் அங்குலமும் திரும்பாமலே பிடி போய்விடும்.

எவ்வளவு ஒடுங்கினால் என்று கேட்கலாம். 8.8 என்னும் தரமுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முறுக்கினால் அது ஏறக்குறைய 3½ டன் பலத்துடன் இழுக்கும். ஆயினும் 60 மில்லிமீட்டர் கனத்தைப் பிடித்திருக்கும் அத்தகைய போல்ட் நீளுவது ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கேயாகும். கடையில் விற்கும் உறுப்புகளிற் பலவற்றின் மேல் பளபளப்புக்காகக் கனத்த பொடிப்பூச்சு சுட்டேற்றப்பட்டிருக்கின்றது. ஒரு முகத்துப் பூச்சின் கனமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குக்குச் சமீபமாயிருக்கும். இரண்டு மூன்று முகங்களில் அப்பூச்சு நசுங்கித் தேய்ந்தால், போல்ட்டின் இழுப்பில் பெரும்பங்கு மறைந்துவிடும் என்பது கணக்கிற் புலப்படும். ஆகையால், புதிய உறுப்பைப் பூட்டுமுன் போல்ட்டும் நட்டும் அழுந்தும் முகங்களிலுள்ள பூச்சு, துரு, பிசிறு ஆகியவற்றைச் சுரண்டி வெறும் இரும்பு தோன்றச் செய்தல் வேண்டும். பட்டறைக்காரர் இதற்கு நேரமில்லை என்பார். நாம் பக்கத்திலிருந்து செய்விப்பதே நல்லது.

ஏற்கெனவே கழலுகின்ற வண்டியாயின், காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாயும் செலவில்லாத வழியொன்றுண்டு. முறுக்கி முடித்தவுடன், நட்டின் மேலும் போல்ட்டின் நுனி மேலும் பக்கத்து இரும்பின் மேலும் தொடர்ச்சியாக ஒரு வெள்ளைப் பெயிண்டுக் கோடு இடுக. வழக்கமான சுமையுடன் ஒரு வாரம் ஓட்டியபின் பார்க்க. கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கின்றது. அதாவது, பிடித்த உறுப்புகள் ஒன்றின்மேலொன்று பக்கவாட்டில் வழுக்குகின்றன. கோடு முறியாமலே பிடி தளர்ந்திருந்தால் நட்டின்மேற் குற்றமில்லை. நடுவிலுள்ளது ஒடுங்கிற்று, அல்லது மட்டமான போல்ட் நீண்டுவிட்டது. இரண்டுக்கும் பரிகாரம் வெவ்வேறு. இதைப் பாராமல் மேலும் மேலும் முறுக்குவது, நோய் இன்னதென்று அறியாமல் பயிருக்கு மருந்து தெளிப்பதை ஒக்கும்.

வழுக்குதலுக்கு வேறோர் அடையாளம், நட்டைச் சுற்றிக் காணும் செந்நிறத் தூள். நம் பக்கத்துச் செம்மண் சரளைத் தூசியும் சிவப்பாதலால் ஏமாறக் கூடும். சாலைத் தூசி எங்கும் ஒரே சீராகப் படிந்து, துடைத்தால் போய்விடும். இரும்பு உராய்ந்த தூளோ பொருத்தின் விளிம்பில் மட்டும், மைபோல் நுண்ணியதாய், துடைத்த இரண்டு நாட்களில் அவ்விடத்திலேயே திரும்பத் தோன்றும்.

ரப்பர் புஷ்களில் நேரிடும் பிசகுகளை விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் சிறு கார்களில் வரும் தொல்லையிற் பெரும்பாலும் இங்கேதான் உற்பத்தியாகின்றது. புஷ்ஷின் நடுவில் ஓர் எஃகுக் குழல் உண்டு. போல்ட் முறுக்கப்படும்போது, தாங்கியின் இரு காதுகளும் அக்குழலை நெருக்கிப் பிடித்து அதை அசையாமல் நிறுத்த வேண்டும். மாற்றுச் சரக்கில் குழல் அசலைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையாயிருப்பின், காதுகள் வளைவதற்கே பலம் செலவாகிப் பிடி ஏற்படுவதில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்தால் உடனே தெரியும். குழலின் துவாரம் போல்ட்டைவிடப் பெரிதாயிருத்தலும் குற்றமே. போல்ட் அதிக நீளமாயிருந்தால், நட்டு மரை முடியும் இடத்தில் போய் முட்டிக்கொண்டு, உறுப்பைத் தொடாமலே இறுகியதுபோல் தோன்றும். இவையெல்லாம் சரியாயிருந்தும், வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால் வேலை கெட்டது. வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் ஓயாத முறுக்கில் நின்று கிழியும். குழல் மெல்லச் சுழன்று போல்ட்டைத் தளர்த்தும். தொங்கும் நிலையில் கையால் மாட்டி, சக்கரங்கள் தரையில் நின்று பாரம் தாங்கும் நிலையில் இறுதி முறுக்குத் தருவதே முறை.

சுமை வண்டிகளில் வில் பட்டைகளை இருசோடு பிணைப்பது யூ-போல்ட். பட்டைகளின் நடுவே செல்லும் சிறு போல்ட் பாரத்தைத் தாங்குவதற்கன்று. பட்டைகளை இருசின் குழியில் இடம் பிசகாமல் வைப்பதற்கே. யூ-போல்ட் தளர்ந்தபின் பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் முழுப் பலமும் அச்சிறு போல்ட்டின்மேல் விழுந்து அது அறுந்துவிடுகின்றது. அப்பால் இருசு ஒருபுறமாகப் பின்வாங்கும். வண்டி நண்டு நடையாக ஓடும். பிரேக் குழாய் இழுபட்டு அறுதலும் கூடும். மூட்டைகளின்மேல் அறுவடை ஆட்களை உட்காரவைத்துக் கொண்டு வருவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்ப்பாராக. அதிகப்படி பட்டை சேர்த்தால் பழைய யூ-போல்ட் நீளம் போதாது, ஒருமுறை முறுக்கி நீண்டதைத் திரும்பப் பூட்டுவதும் கூடாது, புதியதே வாங்குக. நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கி, முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை பார்த்தல் வேண்டும். உயரத்துக்காக மரக்கட்டை வைப்பதும், இரண்டு இரும்புக் கட்டைகளை அடுக்குவதும் அறவே விலக்கத்தக்கன. மரம் வற்றும் என்பது நமக்குப் புதிதன்று.

பிளந்த வில் வாஷர் போட்டால் நட்டு திரும்பாது என்னும் நம்பிக்கை எங்கும் இருக்கின்றது. போல்ட் முழுதும் இறுகுமுன்பே அவ்வாஷர் தட்டையாகிவிடுவதால் அதற்குப்பின் பயனில்லை என்று நாசா ஸ்தாபனம் 1990-ஆம் வருஷம் வெளியிட்ட கைநூல் தெரிவிக்கின்றது. மேலும் கீழும் ஆடுவதைவிடப் பக்கவாட்டு வழுக்குதலே நட்டைத் தானாகத் திருப்புகின்றது என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் பரீட்சை செய்து காட்டினார். ஆகவே போதிய இழுப்பே முதற்காவல். நைலான் வளையமுள்ள நட்டும், மரையில் இடும் பூட்டுத் திரவமும் துணைக்காவல். நைலான் நட்டு ஒருமுறைக்கே. ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது இளகுமாதலால் புகைக்குழாயின் சமீபத்தில் உதவாது. கழலாதிருக்க நட்டைப் பற்றவைத்துவிடும் வழக்கமோ மிகக் கெடுதலானது. அச்சூட்டினால் பக்கத்து வில் பட்டையின் பதம் போய், பட்டை ஒடியும்.

எவ்வளவு முறுக்குவது என்பது அந்தந்த வண்டியின் புத்தகத்தில் நியூட்டன் மீட்டர் கணக்கில் உண்டு. அளவு காட்டும் ஸ்பானர் இல்லாதவிடத்தில், 100 நியூட்டன் மீட்டருக்கு, அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் வில் தராசைக் கோத்து நேர்குறுக்கே 20 கிலோ காட்டும்வரை இழுத்தால் ஏறக்குறையச் சரியாகும். முறுக்கும் பலத்தில் பத்திலொரு பங்குதான் போல்ட்டை நீட்டுகின்றது. மீதி உராய்விற் கழிகின்றது. துருப்பிடித்த மரையில் பலம் முழுதும் துருவுக்கே போய், தராசு மாத்திரம் நிறைவாய்க் காட்டும். மரை துருவின்றிச் சுத்தமாயிருக்கட்டும். புத்தகம் சொன்னாலன்றி எண்ணெய் இடவேண்டாம். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற குறி இல்லையாயின், விலை எவ்வளவு மலிவாயினும் அதை வண்டியின் அடியில் உபயோகிக்கலாகாது.

கடைசியாகக் கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. பட்டையொன்று சேர்த்ததனால் ஏற்றக்கூடிய சுமையின் அளவு உயர்ந்துவிடாது. பிரேக்கும் இருசும் டயரும் பழையனவே. பதிவுச் சான்றிலுள்ள எடையை வண்டியின் கதவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், மூட்டை ஏற்றும் ஆட்களும் தெரிந்துகொள்வர்.