வாட்ஸ்அப் வாடிக்கையாளர்: 24 மணி நேரக் கணக்கு

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே. அந்தக் கெடுவைக் கேள்விப்பட்ட சிறு வியாபாரிகளிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் கேட்கின்றன: கடைக்கு வந்து நம்பர் கொடுத்துவிட்டுப் போனவருக்குப் புதுச் சரக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இனிமேல் குற்றமா?

குற்றம் இல்லை. இந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனையே கிடையாது, அபராதம் மட்டும்தான். ஆனால் சம்மதம் வேண்டும். பில் அனுப்புவதற்காக வாங்கிய நம்பரை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதென்றால், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இதையெல்லாம் எளிமையாக்கிவிட்டதாக அரசு சொல்கிறது. பில் புத்தகத்தின் ஓரத்தில் நம்பர் குறித்துவைக்கும் கடைக்காரர், எந்த நாளில் எதற்காகச் சம்மதம் வாங்கினார் என்பதை எப்படிக் காட்டுவார் என்பதற்கு அந்த எளிமையில் பதில் இல்லை.

கடிதங்களில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. “24 மணி நேரத்துக்குப் பிறகு மெசேஜ் போக மாட்டேன் என்கிறது, இதுவும் புதுச் சட்டமா?” என்று பலர் கேட்கிறார்கள். இது அரசின் சட்டம் இல்லை. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விதி. வியாபார உறவை அன்றாடம் ஆள்வது இந்த விதிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனில் இறக்கிக்கொள்ளும் இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு இது பொருந்தாது. மென்பொருள் நிறுவனங்கள் மூலம் ‘ஏபிஐ’ என்னும் இணைப்பு வசதியை வாங்கியவர்களுக்குத்தான். அங்கே வாடிக்கையாளர் ஒரு மெசேஜ் அனுப்பிய நொடியில் 24 மணி நேரக் கணக்கு தொடங்குகிறது. அதற்குள் நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கட்டணம் இல்லை. அவர் மறுபடி எழுதினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அவர் பேசாமல் 24 மணி நேரம் கடந்துவிட்டால், மெட்டா முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்த ‘டெம்ப்ளேட்’ என்னும் மாதிரிச் செய்தி மட்டுமே போகும். 2025 ஜூலை 1 முதல், போய்ச் சேரும் ஒவ்வொரு விளம்பர டெம்ப்ளேட்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

இது கெட்டிக்கார ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. வாடிக்கையாளர் பேசினால் இலவசம், வியாபாரி வலியப் போனால் காசு. எஸ்எம்எஸ்ஸைக் குப்பைக்கூடையாக்கிய வெள்ளம் இங்கே அப்படியே பாயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமும்கூட.

எனக்கு உறுத்துவது இரண்டு இடங்கள். எது விளம்பரம், எது தகவல் என்று தீர்மானிப்பது மெட்டா. “உங்கள் பிளவுஸ் தைத்து முடிந்தது” என்பது தகவல். அதன் கீழே “புது டிசைன்களும் வந்திருக்கின்றன” என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பரம், கட்டணமும் மாறிவிடும். நம்மூர்க் கடைகளில் இந்த இரண்டு வாக்கியங்களையும் யாரும் பிரித்துப் பேசியதில்லை. இரண்டாவது உறுத்தல் பெரியது. ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டி உள்ளே வருபவருக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிட்டால், அடுத்த 72 மணி நேரத்துக்கு டெம்ப்ளேட்டுக்கும் கட்டணம் கிடையாது. கடை வாசலில் ஒட்டிய கியூஆர் கோடு வழியாக வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை. இருவரும் ஒரே புடவையைத்தான் கேட்கிறார்கள். ஒருவர் மெட்டாவுக்கு விளம்பரக் காசு கொடுத்துக் கிடைத்தவர், மற்றவர் நீங்களே சம்பாதித்தவர். உறவை வளர்க்கும் தளம் என்று நிறுவனம் சொல்லிக்கொள்வதை இந்த வேறுபாட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே வாடிக்கையாளரை முதலில் பேச வைப்பதுதான் வழி. ஸ்டேட்டஸில் சரக்கின் படத்தைப் போட்டு விலையை மறைத்து, கேட்டால் சொல்கிறோம் என்று இழுக்கும் பழக்கத்தை நான் சொல்லவில்லை; அது எரிச்சலைத்தான் கொடுக்கும். விலையைப் போடுங்கள். அளவு, நிறம், என்றைக்கு வேண்டும் என்று கேளுங்கள். பதில் ஒரு மணி நேரத்துக்குள் போகட்டும். ஜாப் ஒர்க் செய்பவர்கள் முடித்த வேலையின் படத்தை ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த லாட் எப்போது என்று கேட்கலாம். அவர் ‘திங்கள்’ என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போதும். பெயர், நம்பர், சம்மதித்த தேதி மூன்றையும் உங்கள் நோட்டிலோ எக்செல்லிலோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாட்ஸ்அப் கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் கையில் மிஞ்சுவது அந்தப் பட்டியல்தான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பழைய வாடிக்கையாளர்களின் நம்பர்களை அழித்துவிட வேண்டுமா? முன்பே சம்மதம் தந்தவர் என்றால் வேண்டியதில்லை. உரிய அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை வைத்திருக்கலாம்.

அறிவிப்பு தமிழில் இருக்கலாமா? ஆங்கிலத்தோடு அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்பதே சட்டம். தமிழும் அதில் உண்டு.

எல்லோரையும் ஒரே குரூப்பில் போடலாமா? கேட்காமல் வேண்டாம், ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும்.

பிராட்காஸ்ட்? ஒரு பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

விளம்பரம் வேண்டாம் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராயில் செய்யும் டிஎன்டி பதிவு வாட்ஸ்அப்பைத் தடுக்குமா? தடுக்காது, அது அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான்.

நீல டிக்? மாதச் சந்தா கட்டி வாங்குவது. சரக்கின் தரத்துக்குச் சான்று அல்ல.

விலைக்கு விற்கும் நம்பர் பட்டியல்? தொடவே தொடாதீர்கள்.

லிங்க்ட்இன்? நிறுவனப் பக்கத்தால் யாருக்கும் தொடர்பு அழைப்பு அனுப்ப முடியாது, தனி நபரால்தான் முடியும். ஊழியர் வேலையை விட்டால் தொடர்புகளும் அவரோடு போய்விடும் என்பதால் முதலாளியே தன் பெயரில் கணக்கு வைத்திருப்பது நல்லது.