பசி குடியிருக்கும் இடம்

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து, படப்பை டீக்கடைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்டு லாப்ரடார் எவ்வளவு வச்சாலும் தட்டை நக்கிட்டு நம்ம மூஞ்சியையே பாக்குது. வயித்துல பூச்சியா?"

பூச்சி இருக்கிறதா என்பதை டாக்டர் பார்க்கட்டும். ஆனால் பசியின் கணக்கு வயிற்றோடு முடிவதில்லை தம்பி. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அதன் நடுப்பகுதி கெட்டுப்போன எலிகள் ஊதிப் பெருத்ததை 1940-லேயே பார்த்திருந்தார்கள். அடுத்த அடியை வைத்தவர் நம் நாட்டுக்காரர், பால் கிருஷ்ண ஆனந்த். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலிகளின் ஹைப்போதலாமஸில் ஓரமாக இருந்த துளியூண்டு இடத்தை மின்சாரத்தால் செயலிழக்க வைத்தார். ஒரு பக்கம் மட்டும் போனால் எலி வழக்கம்போல் தின்றது. இரு பக்கமும் போனால், தீனி கண்ணெதிரே கிடக்க, தொடாமலே பட்டினியில் செத்தது. 1951-ல் வெளியானது அந்த ஆய்வு. டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவரும் அவரே. அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? கொழுப்பேதான். அது லெப்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டின் சுரக்காத எலி சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை போடும். காலி வயிறு தன் பங்குக்கு கிரெலின் என்ற பசி ஹார்மோனை அனுப்பும். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஹைப்போதலாமஸில் ஒரு கூட்டம் செல்கள் "தின்னு" என்னும், இன்னொரு கூட்டம் "போதும்" என்னும்.

அந்தப் "போதும்" சொல்லும் ரசாயனம் பாம்சி (POMC) என்ற மரபணுவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்த மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். உங்கள் நாயும் அப்படி இருந்தால் அதை அடித்துத் திருத்த முடியாது. தீனியை அளந்து வையுங்கள், கெஞ்சும் கண்ணைப் பார்த்து இன்னொரு பிடி போடாதீர்கள்.

"அப்ப நமக்கு?" என்றார். நைட் ஷிஃப்ட்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 2004-ல் சிகாகோவில் இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கியபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் நாக்கு அதிகம் தேடியது இனிப்பையும், உப்புப் பண்டங்களையும், மாவுப் பண்டங்களையும்.